வீசா இருக்கும்போது புகலிடம் கேட்பதா, முடிந்தபின் கேட்பதா? அமெரிக்காவில் விண்ணப்பிப்போருக்கான வழிகாட்டி

படிப்பதற்கோ, வேலைக்கோ, பிள்ளைகளைப் பார்ப்பதற்கோ அமெரிக்காவுக்கு வந்து, பிறகு ஊருக்குத் திரும்ப முடியாத நிலைக்கு ஆளானவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: வீசா கையில் இருக்கும்போதே கேஸ் போட வேண்டுமா, அல்லது அது முடியும்வரை பொறுத்திருக்கலாமா? ஒருவர் "வீசா இருக்கிறவனுக்கு அசைலம் (புகலிடம்) கிடைக்காது" என்பார். இன்னொருவர் "வீசா முடிந்த பிறகு போட்டால் பிடித்து அனுப்பிவிடுவார்கள்" என்பார். இரண்டும் பிழை. ஆனால் இரண்டு பிழைகளுக்கும் அடியில் ஓர் உண்மை இருக்கிறது, அதைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் விண்ணப்பத்தில் கையெழுத்திடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்கக் குடிவரவு, தேசியச் சட்டத்தின் 208 ஆம் பிரிவு, அந்த நாட்டு மண்ணில் நிற்கும் எவரும், அவருடைய குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும், புகலிடம் கோரலாம் என்கிறது. 1980 ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் வழியாக வந்த விதி இது. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்பட்டதையோ, துன்புறுத்தப்படுவீர்கள் என்ற நியாயமான அச்சத்தையோ நிறுவ வேண்டும் என்ற கடமை, எச்-1பி என்ற வேலை வீசாவில் இருப்பவருக்கும் வீசா முடிந்து மூன்று மாதம் ஆனவருக்கும் ஒன்றுதான். குடிவரவு நிலை மாற்றுவது வேறு மூன்று விடயங்களை: எந்தத் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் கதையை முதலில் யார் கேட்பார், கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் மறுநாள் காலை நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பன அவை. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் உங்கள் நிலை என்னவென்று பாருங்கள்

கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருக்கும் வீசா, விமான நிலையத்தில் நுழைவு கேட்பதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எவ்வளவு காலம் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. சுற்றுலா வீசா பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக இருக்கலாம், ஆனால் அதில் வந்த தாய்க்கு ஐ-94 இல் பொதுவாக ஆறு மாதம்தான் கொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே வீசாத் திகதியைப் பார்த்துவிட்டு "அம்மாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று நினைப்பது ஆபத்தானது. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையத்தளத்தில் கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்து ஐ-94 பதிவை எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதிகாரியால் பரிசோதிக்கப்பட்டு முறையாக உள்ளே அனுமதிக்கப்பட்டவர் என்பதற்கும் அந்தத் தாளே சான்று; பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள வாழ்க்கைத் துணை வழியாக நிரந்தர வதிவிடத்துக்கான பச்சை அட்டைக்குப் போக வேண்டி வந்தால் அது தேவைப்படும்.

எப்-1 மாணவர்களின் ஐ-94 இல் நெடுங்காலமாகத் திகதிக்குப் பதிலாக டி/எஸ் என்ற குறியே போடப்பட்டு வந்திருக்கிறது. படிப்பும் அதன் நிபந்தனைகளும் தொடரும்வரை நிலையும் தொடரும் என்பது அதன் பொருள். படிப்பு முடிந்ததும் 60 நாள் அவகாசம் உண்டு. எச்-1பி வேலையை இழந்தவருக்கும் 60 நாள் வரை, அல்லது ஐ-94 முடியும் திகதி வரை, இரண்டில் எது முன்னே வருகிறதோ அதுவரை அவகாசம் உண்டு. பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டது, அனுமதியில்லாமல் கடையொன்றில் வேலை செய்தது போன்றவை, திகதி முடியாமலேயே நிலையை முறித்துவிடும். இவற்றை மறைக்காமல் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும்; அவர் அறிய வேண்டிய முதல் விடயம் நிலை முறிந்த நாள்தான்.

ஒரு வருடக் கணக்கு

கடைசியாக அமெரிக்காவுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஐ-589 என்ற புகலிட விண்ணப்பப் படிவம் சேர்ந்திருக்க வேண்டும். இந்த எல்லையைத் தாண்டியவர்கள் இரண்டு விதிவிலக்குகளில் ஒன்றைக் காட்ட வேண்டும்: ஊரிலோ தம் வாழ்க்கையிலோ சூழ்நிலை மாறியிருக்க வேண்டும், அல்லது காலதாமதத்துக்கு அசாதாரணமான காரணம் இருந்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் குடிவரவு நிலை விண்ணப்பதாரருக்குத் துணை நிற்கிறது. சட்டபூர்வமான நிலையைத் தொடர்ந்து பேணி வந்திருப்பதையே ஓர் அசாதாரணக் காரணமாக விதிகள் ஏற்கின்றன. ஆனால் அந்த நிலை முடிந்தபின் நியாயமான காலத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத்திலிருந்து 2021 ஒகஸ்டில் எப்-1 வீசாவில் வந்த ஒரு மாணவரை நினைத்துக்கொள்வோம். அவர் 2023 மே மாதம் முதுகலைப் படிப்பை முடித்து, ஒரு வருடம் பயிற்சி வேலை செய்கிறார், அதன்பின் அவகாச நாட்களும் 2024 கோடையில் முடிகின்றன. மூன்று வருடம் போய்விட்டது என்று அவர் மனம் தளர வேண்டியதில்லை. அவர் நிலையை முறிக்காமல் காத்துவந்திருந்தால் அந்த மூன்று வருடத்துக்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஆனால் நிலை முடிந்த நாளிலிருந்து வேறொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நியாயமான காலம் எத்தனை நாள் என்று விதியில் எண் இல்லை. எனினும் 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் இந்த விதி வெளியிடப்பட்டபோது தரப்பட்ட விளக்கம், ஆறு மாதமோ அதற்கு மேலோ காத்திருப்பது பொதுவாக நியாயமானதாகக் கொள்ளப்படாது என்கிறது. அந்த ஆறு மாதத்தை உரிமையாக எண்ணக் கூடாது. நிலை முடிவதற்கு முன்பே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு. முடிந்துவிட்டால் வாரக்கணக்கில் எண்ணுங்கள், மாதக்கணக்கில் எண்ணாதீர்கள்.

வந்து ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆறு மாதச் சுற்றுலா அனுமதியில் வந்தவர் பத்தாவது மாதத்தில் விண்ணப்பித்தால், நிலை முடிந்திருந்தாலும் ஒரு வருட விதியை மீறியவராக மாட்டார். ஆனால் மறுப்பு வந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கு மாறியிருக்கும்.

முதலில் யார் கேட்பார்

வீசாவில் வந்து, நாடுகடத்தல் வழக்கு எதுவும் தொடங்கப்படாமல் இருப்பவரின் விண்ணப்பம் குடியுரிமை, குடிவரவுச் சேவையின் புகலிட அதிகாரியிடம் போகிறது. அங்கே நேர்காணல் நடக்கும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இருக்க மாட்டார். வழக்கு ஏற்கனவே தொடங்கியவர்கள் நேரே குடிவரவு நீதிபதியின் முன் தற்காப்பாகக் கோர வேண்டும். அங்கே அரசுத் தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வார். அதிகாரியின் நேர்காணலுக்கு ஆங்கிலம் தெரியாதவர் தமது மொழிபெயர்ப்பாளரைத் தாமே அழைத்து வர வேண்டும் என்ற விதி 2023 செப்டெம்பரில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே தரும். சுற்றிவளைப்பு, தலையாட்டி, இயக்கம், முகாம் என்ற சொற்கள் நம் ஊரில் எதைக் குறிக்கின்றன என்று தெரியாத ஒருவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவராக இருந்தாலும், உங்கள் வாக்குமூலத்தைச் சிதைத்துவிடுவார். நேர்காணலுக்கு முன்பே அவரோடு ஒருமுறை அமர்ந்து பேசுங்கள்.

பரிசோதனை இல்லாமல் எல்லையைக் கடந்து வந்தவர்களின் நிலை மிகக் கடினமானது. நீதிபதியின் விசாரணையின்றியே அனுப்பிவிடும் விரைவு நாடுகடத்தலுக்கு அவர்கள் உட்படுத்தப்படலாம். அப்போது, நம்பத்தகுந்த அச்சம் உண்டா என்பதைப் பார்க்கும் ஒரு சிறு நேர்காணலைத் தாண்டினால்தான் முழு விசாரணையே கிடைக்கும். 2017 இல் தென் எல்லையைக் கடந்து 25 கஜ தூரத்திலேயே பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தம்மைச் சிலர் கடத்தி அடித்ததாக அவர் நேர்காணலில் சொன்னார். யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று கேட்டபோது தெரியாது என்றார். அதிகாரி அவர் சொன்னதை நம்பினார், ஆனால் அடித்ததற்கான காரணம் ஐந்து காரணங்களில் ஒன்று என்று காட்டப்படவில்லை என்று முடிவு செய்தார். அந்த முடிவைக் கூட்டரசு நீதிமன்றில் மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் அவருடைய மனுவில் சொல்லப்பட்ட அரசியல் பின்னணி முதல் நேர்காணலிலேயே சொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அடியை மட்டும் சொன்னால் போதாது, அடித்தவர் யாரென்று நினைக்கிறீர்கள், ஏன் உங்களை அடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லை வழியாக வந்தவர்களுக்கான விதிகள் 2023 மே முதல் பலமுறை மாறிவிட்டன. பரிசோதனையின்றி நுழைந்தவர்களுக்குப் பிணை வழங்கும் அதிகாரம் குடிவரவு நீதிபதிகளுக்கு இல்லை என்று குடிவரவு மேன்முறையீட்டுச் சபை 2025 செப்டெம்பரில் தீர்மானித்தது. அதைக் கூட்டரசு நீதிபதிகள் பலர் ஏற்கவில்லை. இந்த வகையினர் சட்டத்தரணி இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போகவே கூடாது.

இன்னும் இரண்டு தனி வகைகள் உண்டு. வீசா இல்லாமல் வரக்கூடிய நாடுகளின் கடவுச்சீட்டில், உதாரணமாகப் பிரெஞ்சு அல்லது பிரித்தானியக் குடிமகனாக வந்தவர், புகலிடத்தையும் அதனோடு ஒட்டிய பாதுகாப்புகளையும் தவிர வேறெதையும் கேட்க முடியாத ஒரு குறுகிய வழக்குக்குள்தான் போவார். அத்துடன் அவர் தாம் குடியுரிமை பெற்ற அந்த நாட்டில் தமக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும், பிறந்த நாட்டை மட்டும் காட்டினால் போதாது. கப்பல் பணியாளராக வந்து இறங்கியவர்களுக்கும் அதே குறுகிய வழக்குத்தான். முன்பு ஒருமுறை நாடுகடத்தப்பட்டு மீண்டும் பரிசோதனையின்றி வந்தவர் புகலிடம் கேட்க முடியாது. நாடுகடத்தலை நிறுத்திவைக்கும்படி மட்டும் கேட்கலாம்.

கோரிக்கை ஏற்கப்படாவிட்டால்

புகலிட அதிகாரி உங்கள் கோரிக்கையை ஏற்காதபோது இரண்டு விதமான கடிதங்களில் ஒன்று வரும். எது வரும் என்பதை உங்கள் கதையின் பலமோ பலவீனமோ தீர்மானிப்பதில்லை, உங்கள் குடிவரவு நிலை தீர்மானிக்கிறது.

செல்லுபடியாகும் நிலையில் இருப்பவருக்கு நிராகரிப்பு வரும். அதற்கு முன்னதாக, நிராகரிக்கக் கருதுவதாகவும் காரணங்கள் இவை என்றும் கூறும் ஓர் அறிவித்தல் அனுப்பப்படும். அதற்குப் பதிலளிக்க 16 நாள் தரப்படும். அந்தப் பதிலும் போதவில்லையென்றால் இறுதி நிராகரிப்புக் கடிதம் வரும். அதற்கு மேன்முறையீடு கிடையாது, நீதிபதியும் கிடையாது. ஆனால் உங்கள் எச்-1பி அல்லது எப்-1 நிலை அப்படியே இருக்கும். மறுநாள் நீங்கள் வழக்கம்போல வேலைக்கோ வகுப்புக்கோ போகலாம்.

நிலை இல்லாதவருக்கு வருவது நிராகரிப்பு அல்ல. அவருடைய கோப்பு குடிவரவு நீதிமன்றுக்கு அனுப்பப்படும், அதனுடன் நீதிமன்றில் முன்னிலையாகும்படி கூறும் அறிவித்தலும் வரும். அந்த நிமிடத்திலிருந்து அவர் நாடுகடத்தல் வழக்கின் எதிர்த்தரப்பு. ஆனால் அதே விண்ணப்பத்தை, அது முதலில் சேர்ந்த திகதியோடு, நீதிபதி புதிதாகக் கேட்பார். அதிகாரியின் முடிவு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அதிகாரியிடம் தோற்றுப்போன எத்தனையோ பேர் நீதிபதியிடம் வென்றிருக்கிறார்கள்.

ஆக, நிலை உள்ளவருக்குப் பாதுகாப்பு உண்டு, இரண்டாவது செவி இல்லை. நிலை இல்லாதவருக்கு இரண்டாவது செவி உண்டு, பாதுகாப்பு இல்லை. இந்த விசித்திரத்தைக் கண்டுதான் சிலர், "வீசாவை முடியவிட்டுப் போடு, அப்போதுதான் நீதிபதியைப் பார்க்கலாம்" என்று ஆலோசனை சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். நாடுகடத்தல் வழக்கு என்பது விரும்பிப் போய் நிற்கிற இடமல்ல. தடுப்புக் காவல் அபாயம், சட்டத்தரணிச் செலவு, வருடக்கணக்கான அலைச்சல், வேறு வழியாகக் கிடைத்திருக்கக்கூடிய பச்சை அட்டை கைநழுவுதல் எல்லாம் அதனோடு வருகின்றன. நிலையைக் காத்துக்கொண்டு நிராகரிக்கப்பட்டவர், பின்னாளில் எப்போதாவது நிலையை இழந்து வழக்குக்குள் போக நேர்ந்தால், அங்கேயும் நீதிபதியிடம் புகலிடம் கோரலாம். ஆனால் அது புதிய விண்ணப்பமாக இருக்குமாதலால் ஒரு வருடக் கேள்வி மறுபடி எழக்கூடும். நிராகரிப்புக் கடிதம், 16 நாள் அறிவித்தல், அதற்குக் கொடுத்த பதில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

பலரும் தவறவிடும் இடம் இனித்தான் வருகிறது. எந்தக் கடிதம் வரும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் விண்ணப்பித்த நாளில் இருந்த நிலை அல்ல, முடிவு எடுக்கப்படும் நாளில் இருக்கும் நிலை. மகளைப் பார்க்க நியூ ஜேர்சிக்கு வந்த தாய் ஐந்தாவது மாதத்தில் விண்ணப்பித்தால் அன்று அவருக்கு நிலை உண்டு. முடிவு வரும்போது ஆறு மாதம் எப்போதோ முடிந்திருக்கும், ஆகவே அவருடைய கோப்பு நீதிமன்றுக்குத்தான் போகும். புகலிட அலுவலகங்களில் தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். புதிதாக வந்தவற்றை முதலில் எடுக்கும் முறை 2018 ஜனவரியில் மீண்டும் கொண்டுவரப்பட்டதால் சிலருக்குச் சில வாரங்களிலேயே நேர்காணல் வந்தது, சிலர் ஏழெட்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள். 2025 டிசம்பரில் புகலிட அதிகாரிகள் முடிவு வழங்குவதையே நிறுத்திவைக்கும்படி உத்தரவு வந்தது. அந்த உத்தரவு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாத இப்படிப்பட்ட காலத்தில், "என் நிலை இன்னும் எத்தனை வருடம் நீடிக்கும்" என்பதே நீங்கள் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி.

விண்ணப்பம் நிலுவையில் இருப்பது ஒரு நிலை அல்ல

விண்ணப்பித்துவிட்டோம், இனி வீசாவைப் புதுப்பிக்கத் தேவையில்லை என்று எண்ணி எச்-1பி நீடிப்பைக் கைவிட்டவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நிலுவையில் இருக்கும் கோரிக்கை உங்களைத் தங்க அனுமதிக்கிறது. உண்மையான கோரிக்கையாக இருந்து, அனுமதியில்லாமல் வேலை செய்யாதவரை, அந்தக் காலம் சட்டவிரோதத் தங்கலாக எண்ணப்படாது. அந்த எண்ணிக்கை பாரதூரமானது: 180 நாளைத் தாண்டிவிட்டு வெளியேறினால் மூன்று வருடமும், ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடமும் திரும்ப வர முடியாது. ஆனால் சட்டவிரோதத் தங்கல் இல்லாமலிருப்பது வேறு, சட்டபூர்வ நிலை இருப்பது வேறு. நிறுவனம் வழியாகப் பச்சை அட்டைக்குக் காத்திருப்பவர், கடைசியாக நாட்டுக்குள் வந்தபின் மொத்தம் 180 நாளுக்கு மேல் நிலை இல்லாமல் இருந்தால், அமெரிக்காவிலிருந்தபடியே அதைப் பெறும் வாய்ப்பை இழக்கக்கூடும்; புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருந்தது என்பது அந்த இடைவெளியை நிரப்பாது. ஆகவே நிலை உள்ளவர்கள் முடிந்தவரை இரண்டையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள்.

சேர்த்துக் கொண்டு செல்வதிலும் கவனம் வேண்டும். விண்ணப்பித்து 150 நாளுக்குப் பிறகு வேலை அனுமதி கேட்கலாம், 180 நாளுக்குப் பிறகே அது வழங்கப்படும் என்பது நெடுங்கால விதி. நீங்களே நேர்காணலைத் தள்ளிப்போட்டால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும். அந்த அட்டை கைக்கு வந்ததும், எச்-1பி இல் இருப்பவர் வேறொரு முதலாளியிடம் அதைக் கொண்டு வேலைக்குச் சேர்ந்தால் எச்-1பி நிலை முறிந்துவிடும். எச்-1பி இல் இருப்பவர் நிரந்தரமாகத் தங்க நினைப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. எப்-1, சுற்றுலாவுக்கான பி-2 வகையினர் திரும்பிப் போகும் எண்ணத்தோடு இருக்க வேண்டும் என்பதால், புகலிடம் கேட்டபின் வெளிநாட்டுத் தூதரகத்தில் அந்த வீசாவைப் புதுப்பிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். முன்கூட்டியே பயண அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறினால் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கருதப்படும். அனுமதி பெற்றுப் போனாலும், எந்த நாட்டில் ஆபத்து என்கிறீர்களோ அந்த நாட்டுக்கே போய்வந்தால், தவிர்க்க முடியாத காரணம் இருந்ததென்று நிறுவினாலொழிய, அதே கதிதான்.

கட்டணத்தையும் மறக்க வேண்டாம். நெடுங்காலம் இலவசமாக இருந்த ஐ-589 படிவத்துக்கு 2025 ஜூலை 4 இல் கையெழுத்தான சட்டம் 100 டொலர் கட்டணம் விதித்தது. நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இன்னுமொரு 100 டொலர், முதல் வேலை அனுமதிக்கு 550 டொலர் என்று அந்தச் சட்டம் 2025 இல் தொடக்கத் தொகைகளை வைத்தது. இந்தத் தொகைகள் பணவீக்கத்துக்கேற்ப மாறும்.

வீசாவுக்குச் சொன்னதும் புகலிடத்துக்குச் சொன்னதும்

வீசாவில் வந்தவரின் கோப்பில், அவர் தூதரகத்தில் கொடுத்த படிவமும் இருக்கும். அங்கே கைது செய்யப்பட்டதே இல்லை என்று எழுதிவிட்டு இங்கே இரண்டு முறை கைதானதாகச் சொன்னால், அதிகாரி அதை உங்கள் முன் வைப்பார். 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோரிக்கையின் மையத்தைத் தொடாத முரண்பாட்டைக்கூட நம்பகத்தன்மைக்கு எதிராகக் கொள்ளலாம். பயத்தினால் அப்படி எழுதினேன் என்பது உண்மையானால் அதை அவர் கேட்கும் முன்பே உங்கள் வாக்குமூலத்தில் எழுதிவிடுங்கள். அரசு தேடுகிறது என்றால் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக எப்படி வெளியேறினீர்கள், இங்கே வந்தபின் தூதரகத்தில் கடவுச்சீட்டை ஏன் புதுப்பித்தீர்கள், வந்து இரண்டு வருடம் ஏன் கேட்கவில்லை என்ற மூன்று கேள்விகளும் நிச்சயம் வரும் என்று எண்ணித் தயாராகுங்கள். நிலையைப் பேணக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது என்பது பல வேளைகளில் நேர்மையான பதில்தான், அதை நேராகச் சொல்லலாம்.

ஈழத்தவர்களுக்கு இதோடு தொடர்புடைய எச்சரிக்கை ஒன்று. விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 ஒக்டோபர் முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. இயக்கத்துக்குப் பணம், சாப்பாடு, உழைப்பு கொடுத்தது பொருள் உதவியாகக் கருதப்பட்டுப் புகலிடத்தைத் தடுக்கலாம். வற்புறுத்தலுக்கு உட்பட்டுக் கொடுத்தவர்களுக்கு விலக்களிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை. உண்மையை மறைத்து இந்தத் தடையைத் தாண்ட முயலாதீர்கள்; யார் வந்தார்கள், என்ன மிரட்டினார்கள், மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சட்டத்தரணியிடம் முழுமையாகச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு கதை எழுதித் தருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: தெரிந்தே முக்கியமான பொய்யைச் சொன்ன விண்ணப்பம் என்று தீர்ப்பானால், அந்த மனிதர் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் எந்த நலனையும் என்றென்றைக்கும் பெற முடியாதபடி தடைசெய்யப்படலாம். எழுதித் தந்தவர் மேல் அந்தத் தடை விழாது, கையெழுத்திட்டவர் மேல்தான் விழும்.

கோப்பு நீதிமன்றுக்குப் போனால்

கடிதம் கைக்கு வந்த அன்றே அதிலுள்ள திகதியையும் நீதிமன்றின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் குடியுரிமை, குடிவரவுச் சேவைக்கு 10 நாளுக்குள்ளும், நீதிமன்றுக்கு 5 நாளுக்குள்ளும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஒன்றுக்கு அறிவித்தால் மற்றதற்குப் போகாது. பழைய முகவரிக்குக் கடிதம் போய், நீங்கள் வராத நிலையில், உங்கள் கதையைக் கேட்காமலேயே நாடுகடத்தல் உத்தரவு பிறப்பிக்கப்படலாம். அரசு உங்களுக்குச் சட்டத்தரணியைத் தராது; இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ உதவுவோரின் பட்டியல் ஒன்றைக் குடிவரவு நீதிமன்றங்கள் வைத்திருக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள்.

நீதிபதியிடம் மூன்று நிவாரணங்களைச் சேர்த்தே கேட்கலாம். புகலிடம் முதலாவது. ஒரு வருட விதியால் அது அடைபட்டவர்களுக்கு, நாடுகடத்தலை நிறுத்திவைத்தலும், சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் கீழான பாதுகாப்பும் இன்னும் திறந்திருக்கும். இவற்றுக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் ஆபத்து நேருமென்பதற்கான சாத்தியம் பாதிக்கு மேல் என்று காட்ட வேண்டும், கிடைத்தாலும் பச்சை அட்டைக்கோ குடும்பத்தை அழைப்பதற்கோ வழி இல்லை. நீதிபதி மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். அதற்கான நாட்கள் குறைவு, உத்தரவிலேயே எழுதியிருக்கும் திகதியைத் தவிர வேறெவர் சொல்லையும் நம்ப வேண்டாம். சபையும் மறுத்தால் 30 நாளுக்குள் கூட்டரசு மேன்முறையீட்டு நீதிமன்றில் மனுச் செய்ய வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலர் கனடாவை நினைக்கிறார்கள். இரு நாடுகளுக்கும் இடையிலான பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்பாடு 2004 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2023 மார்ச் 25 முதல் அது முழுத் தரை எல்லைக்கும் பொருந்துகிறது. கனடாவில் நெருங்கிய உறவினர் சட்டப்படி இருப்பது போன்ற விதிவிலக்குகளுக்குள் வராதவரைக் கனடா திருப்பி அனுப்பிவிடும், அவர் வந்து சேர்வது அமெரிக்க அதிகாரிகளின் கையில். அண்ணனோ அக்காவோ ரொறன்ரோவில் இருந்தால், அவர்களுடைய நிலை என்ன, உங்கள் உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ்கள் இரு பக்கமும் உண்டா என்பதை, எல்லையை நோக்கி வாகனம் ஏறுவதற்கு முன், கனேடியச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.